சீமை மலையில் என்ன சாமி?

என் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, ஸ்காட்லாந்து போய்விட்டு வந்தவர். அந்தக் காலத்து மதுரையில் கப்பலேறி வந்தவரைப் பார்ப்பதற்கென்றே தெருவில் கூட்டம் வரும். பஞ்சாலையில் வேலை பார்த்த மாமாவை, புது இயந்திரம் ஓட்டக் கற்றுக்கொண்டு வரச் சொல்லி ஆலைக்காரர்கள் ஒரு வருஷம் அங்கே அனுப்பியிருந்தார்கள். இயந்திரத்தைப் பற்றி அவர் ஆலையில் பேசியிருப்பார். வீட்டில் என்னிடம் பேசியதெல்லாம் மலையைப் பற்றித்தான்.

எனக்கு அப்போது எட்டு வயது. வாய் கொஞ்சம் நீளம். கதை கேட்டால் ஒரு எழுத்து மறக்காது. மாமா ஆளைத் தெரிந்துதான் என்னிடம் சொன்னாரா, தெரியாமல் சொன்னாரா என்று இன்றைக்கும் யோசிக்கிறேன்.

நம் ஆனைமலை மாதிரி மொட்டைப் பாறை இல்லையாம். ஆவணி மாதவாக்கில் மலை முழுக்க ஊதாப்பூ பூத்து, சேலை காயப்போட்ட மாதிரி கிடக்குமாம். அடிவாரத்தில் வண்டியூர்க் கண்மாயைப் போலப் பத்து மடங்கு ஏரி. ஏரிக்கரையில் கூரையில்லாத ஒரு கோட்டை. மேய்ப்பவன் இல்லாமலே ஆடுகள் மேயும், ஒன்றும் காணாமல் போகாதாம். இடிந்த கோட்டையை எதற்குப் போய்ப் பார்க்கிறார்கள் என்று கேட்டேன். சும்மா பார்த்துவிட்டுப் பெருமூச்சு விடுவார்கள் என்றார். மலைமேல் என்ன சாமி என்று கேட்டேன். சாமியே கிடையாதாம்! ஏறுவார்கள், நாலு பக்கமும் பார்ப்பார்கள், ரொட்டி தின்பார்கள், இறங்கி விடுவார்கள். சாமி இல்லாத மலைக்கு மூச்சு வாங்க ஏறுகிற சனங்களை நினைத்து நானும் மாமாவும் வயிறு நோகச் சிரித்தோம்.

இந்த நிலையில்தான் மாமாவுக்குத் திருமங்கலத்தில் பெண் பேசினார்கள். பெண்ணைப் போய்ப் பார்த்து வந்ததிலிருந்து மாமா சோற்றில் குழம்பென்று மோரை ஊற்றிக்கொண்டிருந்தார். அவ்வளவு பிடித்துவிட்டது. சிக்கல் பெண்ணின் அப்பாவிடம் இருந்தது. அவர் பருத்தி வியாபாரி. பொதியில் கையை விட்டு அடிப்பஞ்சை இழுத்துப் பார்க்காமல் எதையும் வாங்க மாட்டார். சீமைக்குப் போன பையன் அங்கே வேதத்தில் சேர்ந்து கிறிஸ்தவனாகியிருப்பான், வெள்ளைக்காரத் துரைசானியோடு சுற்றியிருப்பான் என்று யாரோ அவர் காதில் ஓதிவிட்டார்கள். எல்லாவற்றையும் நேரில் விசாரித்துவிட்டுத்தான் வெற்றிலை பாக்கு மாற்றுவது என்று ஒரு நாள் காலையில் வந்து இறங்கிவிட்டார்.

அம்மா லட்டும் காராச்சேவும் கொண்டுவந்து வைத்தாள். அவர் தொடவில்லை. அப்பாவிடம் இரண்டு கேள்வி, மாமாவிடம் நாலு கேள்வி கேட்டார். பதில் எதிலும் திருப்தியில்லை. பெரியவர்கள் பூசி மெழுகுவார்கள், சின்னப்பிள்ளை உள்ளதைச் சொல்லும் என்று நினைத்தாரோ என்னவோ, என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். மாமாவின் முகம் வெளிறியதை நான் கவனித்தேன். காய்ச்சல் என்று நினைத்தேன்.

"பாப்பா, ஞாயித்துக்கிழமையானா அங்க எல்லாரும் சர்ச்சுக்குப் போவாகளாம்ல. ஒங்க மாமா எங்க போவாராம்?"

எனக்குத் தெரிந்த கேள்வி. "மலைக்கு" என்றேன்.

"வாராவாரமா?"

"மழை பேஞ்சாக்கூட."

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். மலையில் என்ன சாமி என்று அடுத்த கேள்வி வந்தது. எனக்குச் சங்கடமாகிவிட்டது. இல்லாத சாமியை எப்படிச் சொல்வது? ஆகவே இருந்ததைச் சொன்னேன். உச்சியில் ஒரு கற்குவியல் இருக்கிறது, ஏறுகிற ஒவ்வொருவரும் கீழேயிருந்து ஒரு கல் கொண்டுபோய் அதில் வைக்கவேண்டும், மாமாவும் தவறாமல் வைத்தார்.

அவருக்கு முகமெல்லாம் பூத்துவிட்டது. "நம்ம கணவாய்ல கருப்பனுக்குக் கல்லுப் போட்டுட்டுத்தானய்யா வண்டி தாண்டுது! சீமையிலயும் காவச்சாமி இருக்கு. வேத்தூர்லயும் இவரு அதத் தேடிப் பிடிச்சிருக்காரு" என்று அப்பாவைப் பார்த்துச் சொன்னார். அப்பா அவசரமாகக் கும்பிட்டார். மாமா கண்ணை மூடிக்கொண்டு நின்றதை அவர் பக்தி என்று எடுத்துக்கொண்டார்.

அதோடு விட்டிருக்கலாம். "அம்புட்டு ஒசரத்துக்குத் தனியாவா போவாரு? கூட யாரும் உண்டா?" என்று என் முதுகைத் தடவிக் கேட்டார். சொல்ல வாயைத் திறந்தேன். திறந்த வாய்க்குள் முழு லட்டு ஒன்று வந்து அடைத்தது. மாமாதான். என்ன அழகாகப் பேசுகிறாள் பாருங்கள் என்று சொல்லிக்கொண்டே இரண்டாவது லட்டையும் கையில் தயாராக வைத்துக்கொண்டார். முதல் லட்டை நான் மென்று முடிப்பதற்குள் வெற்றிலை பாக்கு மாறிவிட்டது. நன்றாகப் பதில் சொன்னதற்குப் பரிசு என்று எண்ணி எனக்கு ஏகப் பெருமை.

கல்யாணம் முடிந்த நாலாம் நாள், புது அத்தை எனக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். அவள் அப்பாவுக்கு ஏற்ற மகள். நடுப்பின்னலில் மெதுவாகக் கேட்டாள், மாமா அந்த மலைக்கு யாரோடு போவார் என்று. அன்றைக்குப் பக்கத்தில் லட்டும் இல்லை, மாமாவும் இல்லை. ஆகவே முழுதாகச் சொன்னேன். குடியிருந்த வீட்டு அம்மாளின் மகள் சர்ச்சிலிருந்து வந்ததும் வழி காட்டக் கூடப் போவாள், நன்றாகப் பாடுவாள், வழுக்குகிற இடத்தில் மாமா அவள் கையைப் பிடித்து ஏற்றிவிடுவார்.

பின்னல் நின்றுவிட்டது. "கையப் பிடிச்சா?"

மாமாவுக்கு நியாயம் செய்யவேண்டும் என்று தோன்றியது. "வழுக்குற எடத்துல மட்டுந்தான் அத்தே" என்றேன். அத்தை மறுபடி இழுத்துப் பின்னத் தொடங்கினாள். அன்றைக்குப் போட்ட பின்னல் இரண்டு நாளைக்கு அவிழ்க்க முடியவில்லை.

அடுத்த ஞாயிறிலிருந்து மாமா திருப்பரங்குன்றம் மலை ஏறத் தொடங்கினார். ஞாயிறென்றால் பத்து மணி வரை தூங்குகிற மனிதர், விடிவதற்குள் குளித்து அத்தையின் பின்னால் நடந்தார். பங்குனி வெயிலிலும் தப்பவில்லை. துணைக்கு என்னையும் கூட்டிப்போவார்கள். சீமைச் சாமியை விட்டு வந்த ஏக்கத்தில் மாமாவுக்குப் பக்தி முற்றிவிட்டது என்று வீட்டில் சொன்னேன். அம்மா சிரித்த சிரிப்பில் கண்ணில் நீர் வந்துவிட்டது. எனக்குக் கோபமாக வந்தது.

உச்சிக்குக் கொஞ்சம் கீழே ஒரு சரிவு வரும். அதுவரை ஆட்டுக்குட்டியாகத் தாவி ஏறிய அத்தை அங்கே வந்ததும் நின்று, திரும்பிப் பார்க்காமல் கையை மட்டும் நீட்டுவாள். பெண்டாட்டி கையைத் தெருவில் தொடாத காலம். மாமா இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, காது சிவக்க அந்தக் கையைப் பிடித்து ஏற்றிவிடுவார். பாறை எலும்பாகக் காய்ந்து கிடக்கும். நான் செருப்பில்லாமல் அதில் ஓடியே ஏறிவிடுவேன். அத்தைக்கு மட்டும் அங்கே ஏன் வாராவாரம் வழுக்குகிறது என்று எனக்கு வெகுநாள் விளங்கவே இல்லை.