ஆளுக்கு பஸ், தயிருக்கு விமானம்

கிண்ணியா முனாஸ் மனிதர்களைத் தராசில் ஏற்றிப் பிழைத்தவர். தாரகை எயார் என்ற சின்னக் கம்பனியின் பன்னிரண்டு இருக்கை விமானம் திருகோணமலை சீனக்குடாவிலிருந்து கொழும்புக்குக் கிழமையில் மூன்று நாள் பறக்கும். ஏறுகிறவர்களைப் பெட்டியோடு நிறுத்து எடை எழுதுவது அவர் வேலை. பெண்களின் எடையை வாய்விட்டுச் சொல்லமாட்டார். அதனாலேயே மூதூர் முதல் நிலாவெளி வரை அவருக்கு நல்ல பெயர்.

அதற்கு முன் ஒன்பது வருடம் கட்டாரில் பெட்டி தூக்கினார். அந்த இடைவெளியில் பிறந்த இரண்டு பிள்ளைகளையும் முதலில் போனில்தான் பார்த்தார். ஒரேயடியாக வீடு வந்த அன்று மூத்தவள், "உம்மா, இந்த மாமா எப்ப போவார்?" என்று கேட்டாள். இனிக் கடல் தாண்டுவதில்லை என்று முனாஸ் அன்றே முடிவெடுத்தார். சீனக்குடாவில் விமானம் இறங்கிக்கொண்டிருக்கும் மட்டும்தான் அந்த முடிவு நிற்கும். விமானம் போனால் அவரும் போக வேண்டியதுதான்.

விமானம் ஏற்றும் பாரத்துக்கு அளவு உண்டு. எங்கள் ஆட்களின் அன்புக்கு இல்லை. கொழும்பில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டுக்கு வெறுங்கையோடு போகிறவர் இந்த மாவட்டத்தில் இன்னும் பிறக்கவில்லை. ஆளுக்கு எட்டுச் சட்டி எருமைத் தயிர், ஒரு பை கருவாடு. ஒரு தடவை தயிரையெல்லாம் இடப்பக்கம் அடுக்கிவிட்டதில் விமானத்தின் நிழலே இடப்பக்கமாகச் சாய்ந்து கடலில் விழுந்தது. கண்ணால் கண்டதாகச் சத்தியம் செய்யக் கிண்ணியாவில் பதினாறு பேர் இருக்கிறார்கள். நான் பதினேழாவது.

பாரம் கூடினால் வேறு ஊரில் சட்டியை இறக்குவார்கள். நாங்கள் ஆளை இறக்கினோம்.

"ஆள் பஸ்ஸில போகலாம் தம்பி, தயிர் புளிச்சுப்போகும்" என்பார்கள். இது நியாயமாகப் பட்டபடியால் முனாஸும் தலையாட்டுவார். இறங்கியவர் டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்து, சட்டிகளைப் பறக்கிற ஒருவரிடம் பொறுப்புக் கொடுத்து, ஓடுகிற விமானத்துக்குக் கையும் காட்டிவிட்டு பஸ் பிடிக்கப் போவார். கம்பனியின் தலைமைக் கந்தோரில் இருந்த கணினிக்குத் தயிர் தெரியாது. பன்னிரண்டு இருக்கை, ஐந்து தலை என்று மட்டும் அது கண்டது.

அந்த நேரம் பார்த்து மட்டக்களப்பு வர்த்தகர்கள் சிலர் கம்பனிக்குக் கடிதம் போட்டார்கள். எங்கள் ஓடுபாதை உங்களுக்காகக் காத்திருக்கிறது, இறங்கும்போது வாவியையும் இலவசமாகப் பார்க்கலாம் என்று. திருகோணமலை விடுமா? விமானம் எங்கள் பிறப்புரிமை என்று நானூற்றுப் பன்னிரண்டு பேர் கையெழுத்து வைத்து மகஜர் அனுப்பினார்கள். அவர்களில் முனாஸின் தராசில் ஏறியவர்கள் ஒன்பது பேர். மற்றவர்களுக்கு உரிமையே போதுமாக இருந்தது.

துவாரகன் என்ற கம்பனி அதிகாரி செவ்வாய்க்கிழமை வந்து தலை எண்ணுவார், விமானம் இங்கேயா மட்டக்களப்பிலா என்பதை அதை வைத்துத்தான் தீர்மானிப்பார்கள் என்று செய்தி வந்தது. முனாஸ் முதல் தடவையாகக் கண்டிப்பான மனிதரானார். அன்றைக்குப் பதிவு செய்திருந்த பன்னிரண்டு பேருக்கும் போன் எடுத்து, ஒரு சட்டியும் ஏறாது, ஆள் மட்டும் வந்தால் போதும் என்றார். பன்னிரண்டில் ஒருவர் அவருடைய மாமியார் ரபீக்கா.

"சட்டி இல்லாமலா?"

"ஒரு நாளைக்கு மட்டும் மாமி."

"என்ட சின்ன மகள்ட மாமியார் வீட்டுக்கு நான் கைய வீசிக்கொண்டு போறதா? கிண்ணியாவில எருமையெல்லாம் செத்துப்போச்சா எண்டு கேப்பாங்க."

"நீங்க வராட்டி பிளேன் மட்டக்களப்புக்குப் போயிரும் மாமி. நான் திரும்பக் கட்டாருக்குப் போகணும்."

மாமி கொஞ்சம் யோசித்தார். "அங்க இருந்து வரக்குள்ள நீங்க மட்டும் வெறுங்கையோடயா வருவீங்க மகன்?" என்றார்.

செவ்வாய்க்கிழமை முனாஸ் தராசைத் துடைத்துவிட்டு, புதுச் சேர்ட்டோடு நின்றார். வந்தவர் ஒரேயொருவர், சுவீடன் நாட்டுக்காரர். அவருக்குக் கொழும்பில் சொந்தக்காரர் யாருமில்லை.

"மற்ற ஆக்கள் எங்க?" துவாரகன் கேட்டார்.

"பஸ்ஸில போயிட்டாங்க சேர். சட்டியோட."

"என்ன சட்டி?"

முனாஸ் எல்லாவற்றையும் சொன்னார். ஒன்றையும் மறைக்கவில்லை. துவாரகன் எழுதுவதை நிறுத்தினார்.

"அப்ப இவ்வளவு நாளும் ஆக்கள இறக்கிப்போட்டுத் தயிர ஏத்தினது நீங்களோ?"

"ஓம் சேர்."

"ஏன் எங்களுக்கு அறிவிக்கேல்ல?"

"ஃபோர்ம்ல ஆளுக்கும் பெட்டிக்கும்தான் கட்டம் இருந்திச்சு. தயிரப் பெட்டிக் கணக்கில போட்டுட்டன்."

"முதலே சொல்லியிருந்தா ஆறு இருக்கையக் கழட்டிப்போட்டுச் சாமான் ஏத்தியிருப்பம்," என்றார் துவாரகன். "இனி ஏலாது. ஒரு தலை எண்டுதான் எழுதவேணும்."

ஒரு தலை என்றே எழுதினார். அடுத்த மாதம் விமானம் மட்டக்களப்புக்குப் போனது. கம்பனியிலிருந்து முனாஸுக்கு இரண்டு வரிக் கடிதம் ஒன்று வந்தது. கேட்ட கேள்விக்கு உண்மை சொன்ன ஒரே ஆள் என்றபடியால் மட்டக்களப்பில் தராசு வேலை தரலாம். ஆனால் இறக்குவதென்றால் சாமானைத்தான் இறக்க வேண்டும்.

முனாஸ் அந்தக் கடிதத்தையும் ஏஜென்சிக்காரன் கொடுத்த கட்டார் விண்ணப்பத்தையும் மேசையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். சம்பளம் கட்டாரில் நாலு மடங்கு. மனைவி இன்ஷிரா குசினியிலிருந்து வந்து எட்டிப்பார்த்தாள்.

"மட்டக்களப்பு எவ்வளவு தூரம்?"

"பஸ்ஸில மூண்டரை மணித்தியாலம்."

"அப்ப வியாழன் வேலை முடிஞ்சு பின்னேரம் ஏறினா ராச்சாப்பாட்டுக்கு இஞ்ச. இதில யோசிக்க என்ன இருக்கு?"

"சம்பளம் காணாதே."

"காணாட்டி நான் பாத்துக்கொள்றன். நீங்க முதல்ல பஸ் நேரத்தக் கேட்டு எழுதுங்க."

எழுதுவதற்கு வேறு தாள் கிடைக்கவில்லை. முனாஸ் போனில் பஸ் நேரத்தைக் கேட்டுக்கொண்டே கட்டார் விண்ணப்பத்தைக் கவிழ்த்துப் போட்டு, அதன் பின்பக்கத்தில் எழுதினார்.