தமீம் அன்சாரி வீட்டுக் கதவு

கதவு தட்டும் சத்தம் கேட்டால் தமீம் அன்சாரி உடனே எழுந்துவிட மாட்டார். கணினியிலிருந்து கண்ணை எடுக்காமலே, "யாரு?" என்பார். "நாந்தான்" என்பதெல்லாம் அந்த வீட்டில் செல்லாது. காய்கறிப் பையோடு வெயிலில் நிற்கும் மனைவி ஆரிபா ஒப்பிப்பாள்: "ஆரிபா. கடைத்தெரு சாதிக் பாட்சா மவ. நெரவியில இருக்குற நசீமுக்குத் தங்கச்சி. ஒங்களக் கட்டிக்கிட்டவ." அப்புறம்தான் தாழ்ப்பாள் விலகும். கல்யாணமான நாளிலிருந்து இதே கூத்து.

தெருவிலும் அப்படித்தான். தினமும் டீக்கடையில் பார்க்கிற ஆளிடமே, "நெடுங்காட்டுல அரிசி மில் வச்சிருந்தாரே, அவரு மருமவன்தானே நீங்க?" என்று அடியிலிருந்து விசாரித்து முடித்த பிறகுதான் சலாம் வரும். அதற்குள் அந்த மனுஷர் டீயைக் குடித்துவிட்டுப் போயிருப்பார். கேட்டால், "மூஞ்சிய மட்டும் பாத்து முடிவு பண்ணிட முடியுமா? எல்லாத்தையும் சேத்துப் பாத்தாத்தான் ஆளு யாருன்னு உறுதியாவும்" என்பார்.

தொழில், மென்பொருள் எழுதுவது. வேலையை விட்டுவிட்டு, காரைக்கால்மேட்டு மீன் ஏலத்துக்கென்று சொந்தமாக ஒரு செயலி செய்திருந்தார். கூடை வந்ததும் படகு, மீன், எடை மூன்றையும் போனில் அடித்தால், தப்பில்லாமல் இருக்கிறதா என்று பார்த்து ஏலத்துக்கு விடும். அந்தச் சரிபார்ப்புக்கு மட்டும், யாரோ எழுதி இணையத்தில் போட்டிருந்த ஆயத்த நிரல் தொகுதி, அதாவது லைப்ரரி, ஒன்றை எடுத்துச் சேர்த்திருந்தார்.

வெள்ளோட்டத்தன்று செயலி ஒவ்வொரு கூடைக்கும் சுற்றிக்கொண்டே நின்றது. ஐஸ் உருகியது. காக்காய்கள் கூடின. ஏலம் விடுகிற ராஜ்மோகன் இடுப்பில் கை வைத்துக்கொண்டார். "பாய், ஒங்க போனு சுத்தி முடிக்கறதுக்குள்ள மத்தி கருவாடா ஆயிடும் போலருக்கே! நாளைக்கும் இப்புடின்னா வுட்ருங்க. நாங்க பழையபடி கத்திக்கிறோம்."

 சிக்னல் இல்லையோ என்று தமீம் போனைத் தூக்கிக்கொண்டு ஒரு படகின் மேல் ஏறி நின்றார். பேன்ட் நனைந்ததுதான் மிச்சம். வீட்டுக்கு வந்து, எந்த வேலை எவ்வளவு நேரம் தின்கிறது என்று அளக்கும் கருவியை ஓட்டினார். சரிபார்ப்புக்கு ஆனது கண் சிமிட்டும் நேரம். மீதி அத்தனையையும் தின்றது 'ஹேஷ்' என்கிற சங்கதி. அதாவது, எல்லாப் படகுகளின் பெயரும் எல்லா மீன்களின் பெயரும் அடங்கிய, சரிபார்ப்புக்கான விதித்தொகுப்பு ஒன்றுதான் இருந்தது, நாள் முழுக்க அதுவேதான். ஆனால் இது நமக்கு ஏற்கெனவே தெரிந்த தொகுப்புதானா என்று கண்டுகொள்ள, அந்த லைப்ரரி கூடைக்குக் கூடை அதைத் தலையிலிருந்து வால்வரை வாசித்து, ஓர் அடையாள எண்ணாக அரைத்துக்கொண்டிருந்தது.

"அட கூறுகெட்டதே!" தமீம் மேசையைத் தட்டினார். "காலையிலேர்ந்து ஒரே மூஞ்சியத்தானே பாத்துக்கிட்டிருக்கே? ஒவ்வொரு தடவையும் பாட்டன் பூட்டன்லேர்ந்தா விசாரிப்பே? நல்லாத் தெரிஞ்ச ஆள உள்ள வுட ஒனக்கு இத்தன நேரமா?"

தேநீரோடு வந்த ஆரிபா, "யாரையோ ஏசுறாப்ல இருக்கே" என்று சொல்லிவிட்டு டம்ளரை வைத்தாள். தமீம் அவளை நிமிர்ந்து பார்த்தார்.  பிறகு அந்த அடையாள எண்ணை ஒரே ஒருமுறை எடுத்துக் கையோடு வைத்துக்கொள்ளும்படி நிரலை மாற்றினார்.

மறுநாள் கூடைகள் பறந்தன. "இப்பத்தான் பாய் இது உருப்படி!" என்று ராஜ்மோகன் ஒரு கொடுவா மீனையே தூக்கிக் கையில் கொடுத்தார். நாளையிலிருந்து தினமும் இதில்தான் ஏலம்.

மத்தியானம் குழம்புக்குப் புளியும் தேங்காயும் வாங்கி வந்த ஆரிபா கதவைத் தட்டினாள். "ஆரிபா. கடைத்தெரு சாதிக்..." என்று சொல்லி முடிப்பதற்குள் கதவு திறந்தது. தமீம் பல்லெல்லாம் தெரிய நின்றார்.

"யாருன்னு கேக்கலியே?" என்றாள் ஆரிபா.

"தெரிஞ்ச ஆளுதானே."

"நெசந்தானான்னு இன்னொருக்கா பாப்போம்" என்றாள் அவள். பிறகு பையை இடது கைக்கு மாற்றி, கதவை இழுத்துச் சாத்திவிட்டு, வெயிலில் நின்று மறுபடி தட்டினாள்.