தங்கைக்கு எழுதிய பிழைப் புகார்கள்

எங்கள் பழுதுபார்க்கும் பட்டறையில் மூத்தவர் ஒருவரைத் தராசுக்காரர் என்றுதான் கூப்பிடுவோம். லாரியையே ஏற்றி எடை போடும் பெரிய தராசு கணினியோடு பேச மறுத்தால், மடிக்கணினியும் கேபிளுமாகக் கிளம்பிவிடுவார். தராசு என்ன அனுப்பியது, கணினி என்ன கேட்டது என்று வரிவரியாகக் காட்டும் மென்பொருள் ஒன்று அவரிடம் இருக்கிறது. இலவசம், அதன் மூலநிரலை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், திருத்தலாம். ஏழெட்டுப் பேர் சம்பளமில்லாமல் பராமரிக்கிறார்கள். அதில் ஒருத்தி, வெளிநாட்டில் இருக்கும் அவருடைய தங்கை.

ஆறு வருஷமாக இருவருக்கும் பேச்சில்லை. அப்பா போனபோது அவளால் வர முடியவில்லை. "இனிமே உனக்கு இங்க யாரும் இல்ல" என்று போனில் சொல்லித் தொலைத்தார். அவளுக்கு ரோஷம் அதிகம், இவருக்கு வாய் அதிகம். அவள் போன் எண்ணையே மாற்றிவிட்டாள்.

ஆனால் மென்பொருளில் பிழை என்று யார் எழுதினாலும் அவள் பதில் சொல்லியாக வேண்டுமே! மனுஷன் அதைப் பிடித்துக்கொண்டார். மாதம் ஒரு பிழையாவது தேடிப்பிடித்து, தன் சொந்தப் பெயரிலேயே ஆங்கிலத்தில் புகார் எழுதுவார். 'எந்தப் பதிப்பு? பதிவுக் கோப்பை அனுப்பவும். நன்றி' என்று வரும். அந்த 'நன்றி'யை இரண்டு நாள் பார்த்துக்கொண்டிருப்பார். பக்கத்து மேசையில் சர்க்யூட் போர்டு பழுதுபார்க்கும் எனக்கு எரிச்சலாகவும் இருக்கும், பாவமாகவும் இருக்கும்.

"நேராவே எழுதிடுங்களேன் அண்ணா."

"என்னன்னு எழுத? பிழைன்னாதான் அவளுக்குக் காது கேக்குது."

போன மாதம் ஒரு பிழைகூட அகப்படவில்லை. அவ்வளவு சுத்தமாகத் திருத்தி வைத்திருந்தாள் பாவி. ஒரு மத்தியானம் இவர் துள்ளிக் குதித்தார். தராசை இணைக்காமலேயே பதில் வருகிறதாம்! உடனே புகார் பறந்தது. நாம் தட்டியதையே திரையில் திருப்பிக் காட்டும் எக்கோ வசதியை அணைக்க மறந்திருந்தார், அவ்வளவுதான். கற்றுக்குட்டி செய்யும் தப்பு.

சாயங்காலமே பதில் வந்தது: 'இது பிழை அல்ல. நீங்கள் அனுப்பியதே உங்களுக்குத் தெரிகிறது. எதிர்முனையிலிருந்து எதுவும் வரவில்லை.' 'முடிந்தது' என்று குறித்துப் புகாரை மூடியும்விட்டாள்.

அவர் முகம் செத்துப்போயிற்று. பிறகு அதன் கீழேயே, முதல்முறையாகத் தமிழில் தட்டினார்: 'எதிர்முனை நல்லா இருக்காம்மா?'

பதில் இன்றுவரை இல்லை. ஆனால் மறுநாள் காலையில் பார்த்தால், மூடிய புகாரை அவளே மறுபடி திறந்திருந்தாள். பதினோரு நாளாக அது திறந்தே கிடக்கிறது.