துரை விட்டுப்போன பல்சக்கரம்

சைக்கிள் கடை வைக்கிறவனுக்கு நெஞ்சு கல்லாக இருக்க வேண்டும். அதுவும் ரயில் மேடையை விட்டால் சமதரையே இல்லாத மலைநாட்டு அட்டனில் கடை வைத்தவனுக்கு நெஞ்சே இருக்கக்கூடாது. என்னைப்போல ஸ்பேனர் பிடித்துப் பிழைக்கிற பாவிகளே, நீங்களாவது நான் சொல்வதை நம்புங்கள்.

சாக்கு மூட்டை

பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் ஆள் மேய்க்கிற கணக்கப்பிள்ளை கோவிந்தன் ஒரு நாள் சாக்கு ஒன்றைக் கொண்டுவந்து கடை வாசலில் கவிழ்த்தார். இரண்டு பெடல், இரண்டு கிராங்க், சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு பல்சக்கரம். சீமைக்குக் கப்பலேறிய பெரிய துரையின் பந்தயச் சைக்கிளில் இருந்ததாம். பங்களா ஏலத்தில் வாங்கியிருக்கிறார். "மிச்சச் சைக்கிள் எங்கங்க?" என்றேன். "அத வேற ஆளு எடுத்துட்டாருங்க" என்றார். எனக்குத் தலை சுற்றியது. ஒரே சைக்கிளை இரண்டாகப் பிரித்து விற்ற அந்தப் புண்ணியவான் மட்டும் என் கையில் கிடைத்திருந்தால்!

விஷயம் இதுதான். காலையில் ஆள் கூடுகிற பெரட்டுக்களம் மலை உச்சியில். இவர் வீடோ ஆற்றோரத்தில். அடிக்கடி பிந்திவிடுகிறார். இன்னொரு தரம் பிந்தினால் பத்துச்சீட்டுக் கொடுத்துத் தோட்டத்தை விட்டே அனுப்பிவிடுவேன் என்று புதுத் துரை கத்திவிட்டார். வேலையோடு வீடும் போகும். வீட்டில் கைக்குழந்தை வேறு. துரையின் சக்கரத்தைத் தன் சைக்கிளில் மாட்டினால் மலையைப் பறந்து ஏறிவிடலாம் என்று நம்பிக்கொண்டு வந்திருக்கிறார். "ஏத்தத்துக்குச் சின்னச் சக்கரம்தாங்க வேணும், பெரிசு போட்டா மிதிக்கவே முடியாது" என்று தலைதலையாய் அடித்துக்கொண்டேன். கேட்டால்தானே?

"பெரிய தொரை ஓட்டுன சக்கரங்க இது. இது ஏறாதுன்னா அவரு எப்படிப் பெரிய தொரை ஆனாரு?"

நானாவின் சவாரி

மாட்டிப் பார்த்தேன். கோவிந்தனுடைய சைக்கிள் அச்சில் அந்தக் கிராங்க் சரியாக உட்காரவில்லை. இறுக்குகிற ஆணி லொடலொடவென்று ஆடியது. பல்சக்கரம் சட்டத்தில் போய் உரசியது. துரையின் அச்சே கிடைத்தால்தான் உண்டு. அது யாரிடம் இருக்கிறதோ என்று வாசலில் நின்று யோசிக்கிறேன், தோட்டத்து ஆட்கள் குடியிருக்கிற லயம் லயமாகப் போய்த் துணி விற்கிற சாகுல் நானா சரிவில் பறந்து வருகிறார்! பின்னால் துணி மூட்டை. இரண்டு காலும் அந்தரத்தில் தொங்குகின்றன. சைக்கிளில் மிதியே இல்லை. துரை சைக்கிளின் மிச்சம் இவரிடம்தான் இருக்கிறது!

என் கடை வாசலில் பிரேக் பிடித்து நின்றார். கிராங்கைக் கேட்டுச் சண்டைக்கு வருவாரோ என்று பயந்துகொண்டே அச்சைக் கேட்டேன். மனிதர் சிரித்துவிட்டார்.

"ஏத்தத்துல தள்ளிக்கிட்டுப் போறன், எறக்கத்துல குந்திக்கிட்டு வாறன். மிதி என்னத்துக்கு? அச்சையும் கழட்டுங்க, பாரம் கொறையும்."

சந்தை நாள்

துரை அச்சு கச்சிதமாகப் பொருந்தியது. ஆனால் பெரிய சக்கரத்துக்கு இருந்த செயின் எட்டவில்லை. பழைய செயினிலிருந்து கண்ணிகள் எடுத்து ஒட்டுப் போட்டேன். செயின் மூடிக்கும் இடமில்லாமல் போய், அதையும் கழற்றி வைத்தேன். "வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு ஏறுங்க" என்று படித்துப் படித்துச் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமைச் சந்தை, கடைவீதி நிறைய சனம். கோவிந்தன் அப்படியே ஏறி ஒரு மிதி மிதித்தார். வேட்டித் தலைப்பைச் செயின் கவ்வியது, மறு மிதியில் முழு வேட்டியும் உள்ளே போய்விட்டது. ஐயையோ, நான் கண்ணை மூடிக்கொண்டேன்! முழங்கால் வரைக்கும் தொங்கிய கோட்டுதான் மானத்தைக் காப்பாற்றியது. திட்டப்போகிறார் என்று நினைத்துக்கொண்டே ஓடினேன். அவர் முகமெல்லாம் பல்.

"பாத்தீங்களா, என்னா இழுவை! இது ஏறாமயா போகும்?"

பெரட்டுக்களம்

அதற்குப் பிறகு ஆள் கண்ணிலேயே படவில்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை. சட்டிப்பானை ஏற்றிய லொறி கடைப்பக்கம் போனாலே, கோவிந்தன் குடும்பமோ என்று எட்டிப் பார்ப்பேன். அந்தக் கைக்குழந்தைதான் நினைவுக்கு வரும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வாழைப்பழச் சீப்போடு வந்து நின்றார். "வேலை இருக்குதுங்களா?" என்றேன். "இருக்குங்க. பெரட்டுக்கு இப்ப நான்தான் மொத ஆளு. புதுத் தொரையே கூப்பிட்டு மெச்சுனாரு" என்றார். அப்படியானால் அந்தச் சக்கரம் மலை ஏறுகிறதா? இத்தனை காலம் நான் கற்ற தொழில் பொய்யா?

"எங்கங்க ஏறுது! ஒரு மிதி மிதிக்க முடியலே. தள்ளிக்கிட்டே போகணும்னு, ஆளுகள எழுப்ப அடிக்கிற தப்புச் சத்தம் கேக்க முந்தியே கெளம்பிர்றேன். சாயந்தரம் ஏறி உக்காந்தா நேரா வீட்டு வாசல்தான். மேப்பிரிவுக் கணக்கப்பிள்ளையும் பிந்துறாருங்க, அவருக்கும் இதே மாதிரி ஏறாத சக்கரமா ஒண்ணு பாத்துக் குடுங்க."

அன்றிலிருந்து யார் எதைக் கொண்டுவந்து மாட்டச் சொன்னாலும், பொருந்துமா பொருந்தாதா என்று வாயைத் திறக்காமல் மாட்டிக்கொடுத்துவிட்டு, வேட்டியை மட்டும் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறேன்.