கல்யாணத்துக்கு முன் ஒரு ரத்தப் பரீட்சை

எண்பதுகளின் கடைசியில், பிரெஞ்சு ராணுவத்தில் இருந்த என் மாமா கல்யாணத்துக்காகக் காரைக்கால் வந்து இறங்கியபோது எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அவர் அம்மாவுக்கு ஒரே தம்பி. பெண்ணுக்குப் பக்கத்து ஊர் வரிச்சிக்குடி. நிச்சயம் முடிந்த அன்றே நான் அவரை அத்தை என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டேன். எனக்கு எடுத்திருந்த பட்டுப்பாவாடையை நாளுக்கு நாலு தரம் உடுத்திப் பார்த்து அம்மாவிடம் திட்டு வாங்கினேன்.

பிரெஞ்சுக் குடிமகனுக்குக் கல்யாணம் என்றால் பெண்ணும் மாப்பிள்ளையும் டாக்டரிடம் காட்டிச் சான்று வாங்க வேண்டும். பெரும்பாலும் பேருக்குத்தான் அது நடக்கும். மாமாதான், புதிதாக ஒரு நோய் பரவுகிறது, அதற்கும் ரத்தத்தைச் சோதித்துவிடலாம் என்று பிடிவாதம் பிடித்தார்.

“பாறை மாதிரி இருக்கே, உனக்கு என்னப்பா சோதனை?” என்று அப்பா சிரித்தார்.

“ஆளப் பாத்தா ஒண்ணும் தெரியாது அத்தான். வருசக்கணக்குல சத்தமில்லாம உள்ளயே இருக்குமாம். ரத்தத்துலதான் தெரியும்.”

உள்ளே இருப்பது எது? பிரெஞ்சு ரத்தம்தான்! எங்கள் வீட்டில் வாயைத் திறந்தால் பிரெஞ்சு நேஷனாலிட்டி பேச்சு. ரத்தம் தேறினால்தான் அத்தையைப் பிரான்சுக்குள் விடுவார்கள் என்று நானே முடிவு கட்டினேன். அத்தை பாஸாகப் பிள்ளையாருக்குத் தேங்காய் வேண்டிக்கொண்டேன். பாண்டிச்சேரிக்குப் போன வாடகைக் காரில் ஜன்னலோரம் எனக்குத்தான். ஆஸ்பத்திரியில், “எனக்கும் எடுங்க” என்று டாக்டரிடம் கையை நீட்டினேன். எல்லோரும் சிரித்தார்கள்.

முடிவு வாங்கப் போன அன்றும் மாமாவோடு தொற்றிக்கொண்டேன். டாக்டர் அறையிலிருந்து அவர் வெகுநேரம் கழித்து வெளியே வந்தார். எனக்கு ஐஸ்கிரீம் வாங்கித் தந்தார். தன்னுடையதைச் சாப்பிடவே இல்லை. மறுநாள் வரிச்சிக்குடிக்குப் போய் அத்தையிடம் மட்டும் பேசிவிட்டு வந்தார். கல்யாணம் நின்றது.

பாரிஸில் அவருக்கு ஒரு வெள்ளைக்காரி இருக்கிறாள் என்று ஊர் பேசியது. மாமா மறுக்கவில்லை. “வாயத் தொறந்து சொல்லேன்டா” என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

மாமாவின் ரத்தத்தில் எச்.ஐ.வி. இருந்ததென்று எனக்குத் தெரியவந்தபோது எனக்கே பிள்ளைகள் பிறந்துவிட்டார்கள். எப்படி வந்தது என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அந்த நாளில் அதற்குச் சரியான மருந்து கிடையாது. நல்ல மாத்திரைகள் வரும்வரை தாக்குப்பிடித்தார். இன்றும் தினம் அவற்றை விழுங்கிவிட்டு, போனில் என்னை வம்புக்கு இழுக்கிறார். அவரை நினைத்தால் எனக்கு அவ்வளவு பெருமையாக இருக்கிறது. அன்று விஷயம் தெரிந்தவர் அத்தை மட்டும்தான். அவரும் யாரிடமும் மூச்சு விடவில்லை.

கல்யாணம் நின்ற சில நாளில், நிச்சயப் புடவையைத் திருப்பித் தர எங்கள் வீட்டுக்கு வந்த அத்தையை நான் வாசலிலேயே மடக்கினேன்.

“ரத்தத்துல பெயிலாயிட்டீங்களா அத்தை?”

“இல்லடி, நான் பாஸு” என்று என்னைக் கட்டிக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார்.

சந்தோஷம் தாங்காமல்தான் அழுகிறார் என்று நினைத்தேன். பிடியை உதறிவிட்டு, “எங்க அத்தை பாஸு! எங்க அத்தை பாஸு!” என்று தெரு முழுக்கக் கத்திக்கொண்டே ஓடினேன்.