ஸ்பானிஷ் வினைச்சொல்லோடு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு

மார்கழி ஞாயிறு, காலை 10.10. ராஜபாளையத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர் பேருந்தில் ஏறினேன். பன்னிரண்டு கிலோமீட்டர்தான். கார் இருக்கிறது, ஓட்டிக்கொண்டே பாடம் ஒப்பிக்க முடியாது. நாலாம் வகுப்போடு நின்றவன், இரண்டு தறியில் தொடங்கி நாற்பது தறியில் பேண்டேஜ் துணி ஓட்டுகிறவன், பேங்க் மேனேஜரையே காத்திருக்க வைத்தவன் நான். அப்பேர்ப்பட்டவனை நடுங்க வைத்தது ஒரு ஸ்பானிஷ் வினைச்சொல்.

மகள் செல்வி ஸ்பெயினுக்கு வேலைக்குப் போய் அந்த ஊர்க்காரரைக் கட்டிக்கொண்டாள். நான் கல்யாணத்துக்குப் போகவில்லை. மாப்பிள்ளையின் அம்மா அழைத்தபோது போனைத் துண்டித்தேன். மூன்று வருடமாக மகள் என்னோடு பேசவில்லை. "அத்தைகிட்ட அவிய பாஷையில மன்னிப்புக் கேக்கட்டும், பொறவு பேசுதேன்" என்று என் வீட்டுக்காரியிடம் சொல்லிவிட்டாள். இன்று 12.30க்கு வீடியோ அழைப்பு, ஸ்ரீவில்லிபுத்தூரில் எனக்கு ஸ்பானிஷ் சொல்லித்தரும் டீச்சர் வீட்டில்.

'மன்னிப்புக் கேட்க வேண்டும்' என்று நேரே சொன்னால் அதட்டலாகத் தெரியுமாம். தயங்கி, பணிந்து, 'கேட்க ஆசைப்படுகிறேன்' என்கிற மாதிரி 'கிசியேரா' என்று ஆரம்பிக்க வேண்டுமாம். பணிந்து பேசி எனக்கு வழக்கமில்லை. நான், நீ, அவர் என்று ஆளுக்கு ஆள் மாறும் அதன் ஆறு உருவங்களையும் பெருக்கல் வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம் செய்திருந்தேன்.

பக்கத்து சீட்டில் பூக்கூடையோடு ஓர் அம்மாள். "அண்ணாச்சி, ஆண்டாளுக்கு நேத்திக்கடனா? ஏறுனதுல இருந்து வாய் ஓயலையே."

"பரீட்சை, தாயி."

"இந்த வயசுலயா! பெயிலானா யாரு அடிக்கப் போறா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

11.00. தேரடிக்குப் பக்கத்தில் கதீஜா டீச்சர் வீடு. கம்ப்யூட்டர் வழியாக வெளிநாட்டு பாஷை சொல்லிக்கொடுப்பவர். "'நாம்'னு வந்தா?" என்றார். நான் முதலிலிருந்து தொடங்கினேன்.

"அண்ணாச்சி, நடுவுல கேட்டா நடுவுல சொல்லணும்."

"ஏணியில நாலாவது படிக்கு எப்படிம்மா தாவ?"

"பேச்சுல அவிய மொதப் படியில இருந்தேவா கேப்பாவ?"

இரண்டு தடவை கொல்லைப்புறம் போய் வந்தேன்.

12.30. அங்கே காலை எட்டு மணி. திரையில் நரைத்த தலையோடு சம்பந்தியம்மா. அருகில் செல்வி, என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு.

"கிசியேரா" என்றேன். அடுத்து வரவேண்டிய வாக்கியம் மறந்துபோனது. வாய் தன் பாட்டுக்கு வாய்ப்பாட்டில் ஓடியது: "கிசியேராஸ், கிசியேரா, கிசியேராமோஸ்..." நாலாவதில் அதுவும் நின்றது. டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார். சட்டை முதுகில் ஒட்டியது. நான் துண்டித்த மாதிரியே இவர்களும் துண்டிக்கப் போகிறார்கள் என்று திரையையே பார்த்திருந்தேன்.

சம்பந்தியம்மா விரலைத் தூக்கி, நிதானமாக, "கிசியேராய்ஸ், கிசியேரான்" என்று முடித்து வைத்தார். அவரும் பள்ளியில் ஒப்பித்தவர்தான் போலிருக்கிறது. பிறகு எனக்காகக் காத்திருந்தார்.

"பெர்தோன்" என்றேன். மன்னிப்பு என்ற அந்த ஒரு சொல்தான் மிச்சம் இருந்தது. அவர் நெஞ்சில் கை வைத்தார். செல்வி திரும்பினாள்.

"எளைச்சிட்டியளேப்பா" என்றாள். பிறகு, "எப்ப வாரிய?"

2.20. திரும்பும் பேருந்து. எனக்குப் பாஸ்போர்ட் கிடையாது, விமானம் ஏறியதில்லை. ராஜபாளையத்தில் எந்தக் கதவையும் நான் தட்டி நின்றதில்லை. ஸ்பெயினில் அந்த அம்மாளின் வாசலில் நிற்க வேண்டும். கதவு திறந்ததும் முதலில் என்ன சொல்வது? இறங்கியதும் வீட்டுக்குப் போகாமல் பாஸ்போர்ட் படம் எடுக்க ஸ்டுடியோவுக்கு நடந்தேன்.