அக்கா உரித்துக் காட்டிய தட்டு

அக்காவைப் "புன்னகை மாறாதவர்" என்று எழுதும்படி சொந்தங்கள் கேட்டுக்கொண்டார்கள். எழுத முடியாது. அவர் கோபக்காரர். அந்தக் கோபத்துக்கு ஆளான பலர் கையில் இன்று இந்த நினைவு மலர் இருக்கிறது.

நாமக்கல்லில் பிறந்து சூரமங்கலத்துக்கு வாழ்க்கைப்பட்டவர். கணவரை இழந்தபின் இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு, வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் பாக்குமட்டைத் தட்டு மிஷின் போட்டார். ஆத்தூர்ப் பக்கமிருந்து வரும் மட்டையை ஊறவைத்துக் கழுவி, சூட்டில் அழுத்தினால் தட்டு. பசை கிடையாது, பூச்சு கிடையாது. ஈரம் மிச்சமிருந்தால் பூஞ்சை பிடிக்கும் என்று ஒவ்வொரு தட்டையும் கன்னத்தில் வைத்துப் பார்த்த பிறகுதான் கட்டுவார்.

எங்கள் சர்ச்சின் பங்குத் திருவிழா விருந்துக்கு ஆண்டுதோறும் அக்காவின் தட்டுதான். ஒரு வருடம் விருந்துப் பொறுப்பிலிருந்த எங்கள் பெரியப்பா மகன், சொல்லாமல் கொள்ளாமல் வெள்ளைத் தட்டை இறக்கினார். கரும்புச் சக்கையில் செய்ததாம், பளிச்சென்று இருக்கிறதாம். அக்கா பந்தியிலேயே ஒரு தட்டில் கொதிக்கும் ரசத்தை ஊற்றினார். ஊறியதும் நகத்தால் ஓரத்தைக் கிளறி, மேலே ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தோலை முழுசாக உரித்து அந்த அண்ணன் முகத்துக்கு நேரே பிடித்தார்.

"ஏனுங்கண்ணா, இந்தத் தோலும் கரும்புல வந்ததுங்களா?"

"நல்ல நாளும் அதுவுமா மானத்த வாங்காத சாமி, ஊட்டுக்குப் போ."

தட்டு விற்பதற்காகத் திருவிழாவைக் கெடுத்தவள் என்று அக்காவுக்குப் பட்டம் கட்டினார்கள். அதன்பின் சொந்தத்தில் ஒரு விசேஷத்துக்கும் அவரிடம் தட்டு வாங்கவில்லை. உரித்த தோலைக் கண்ணால் பார்த்தவர்களும் வாங்கவில்லை. அக்கா ஃபேர்லேண்ட்ஸ் பகுதி ஹோட்டல்களுக்கு ஸ்கூட்டரில் கட்டி எடுத்துப்போய்ப் பிழைத்தார். மட்டை கழுவிக்கொண்டிருந்தபோதுதான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை.

அடக்கம் முடிந்து வந்தவர்களுக்கு அதே அண்ணன்தான் சாப்பாடு கொண்டுவந்தார். அதே வெள்ளைத் தட்டு. கொட்டகையில் அக்கா கட்டிவைத்த தட்டுகள் கூரை முட்ட இருந்தது எனக்குத் தெரியும். வாயைத் திறக்காமல் அந்த வெள்ளைத் தட்டில் நானே எல்லோருக்கும் பரிமாறினேன். இந்த ஒரு வருடமாக என் கோபத்தில் பாதி என்மேல்தான்.

துணைநின்ற பங்குத்தந்தைக்கும், அக்காவோடு மட்டை கழுவிய பெண்களுக்கும், பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட அண்டை வீட்டாருக்கும் நன்றி. அண்ணனுக்கும் நன்றி, சோற்றுக்கு மட்டும்.

இன்று திருப்பலிக்குப் பின் விருந்து, அக்கா கட்டிவைத்த அந்தத் தட்டுகளில்தான். வருடம் ஒன்றாகியும் ஒன்றில்கூடப் பூஞ்சை இல்லை. ரசத்தைக் கொதிக்கக் கொதிக்க ஊற்றச் சொல்லியிருக்கிறேன். வேண்டியவர்கள் உரித்துப் பார்க்கலாம்.